சிவப்புச் சோப்புச் சில்லு

கருப்புத் துணியில் கோடு போட எது நல்லது என்று சர்ச்சில் தையல் பழகும் பெண்கள் யாராவது கேட்டால், யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவேன். குளித்துத் தேய்ந்த சோப்பு. விளிம்பு பிளேடு மாதிரி மெலிந்திருக்க வேண்டும், நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். கோடு சாம்பல் நிறத்தில் விழும், தைத்து முடிக்கும்வரை நிற்கும், ஒரே அலசலில் போய்விடும். வேறு எதையும் நம்பாதீர்கள் என்பேன். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்பார்கள். வீட்டில்தான் என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோர்க்க ஆரம்பித்துவிடுவேன். அந்த வீட்டைப் பற்றி இத்தனை வருடம் வாயைத் திறக்கவில்லை. இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. இனி யாருக்காகப் பொத்தி வைப்பது?

அறுபதுகளின் கடைசியில் கிழக்குத் தாம்பரத்தில் குடியிருந்தோம். அப்பா உயர்நிலைப்பள்ளியில் கணக்கு வாத்தியார். என்னைவிட எட்டு வயது மூத்த அக்கா, டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டுப் பம்மலில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் பத்தாவது. செங்கல்பட்டில் வேலையிலிருந்த ஒருவருக்கு அக்காவைப் பேசி முடித்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் அவளுக்கு இருமல் பிடித்தது. முதலில் சாக்பீஸ் தூசி என்றோம். பிறகு மழை என்றோம். எக்ஸ்ரேயில் நெஞ்சில் காசநோய் நிழல் தெரிந்த பிறகு, எங்களுக்குள் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. ஊருக்கு டைபாய்டு என்று சொன்னோம். உடம்பு இளைத்ததற்கும் முடி கொட்டியதற்கும் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டதற்கும் டைபாய்டு பொருத்தமாக இருந்தது. பொய் சொல்வதில் அம்மாவுக்கு இப்படி ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டென்று அதுவரை எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரிக்கு ரயிலில் ஒரே ஒரு ஸ்டேஷன். ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்கும் ஒரே பெயர். அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்டாலே கவுண்டரில் இருப்பவர் நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பார் என்று அம்மாவுக்குப் பயம். மாத்திரை வாங்கப் போகும்போது குரோம்பேட்டைக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே இறங்கிவிடுவாள். தெரிந்தவர் யாராவது பெட்டியில் இருந்துவிட்டால் குரோம்பேட்டை வரைக்கும் போய், காய்கறி விலை கேட்டுவிட்டு, அங்கிருந்து வெயிலில் நடந்தே திரும்பி வருவாள். ஒருமுறை நானும் கூடப் போனேன். வழியெல்லாம் எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தாள்.

அக்காவுக்கு ஊசியும் மாத்திரையுமாக ஏழெட்டு மாதம் போயிற்று. கல்யாணத்தை ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போட்டிருந்தோம். தை மாதத்துக்குள் முடித்துவிடலாமா, இல்லை வேறு இடம் பார்த்துக்கொள்ளலாமா என்று செங்கல்பட்டிலிருந்து கேட்டு அனுப்பினார்கள். அந்த வாரம் அம்மா தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே சொன்னாள்: "சளியில ஒண்ணும் இல்லையாம். சுத்தமா போயிடுச்சாம்."

அப்பா ஸ்தோத்திரம் என்றார். அக்கா சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். அன்று மத்தியானம் சாப்பாட்டில், அதுவரை தனியாக இருந்த அவளுடைய தட்டும் தம்ளரும் எங்களுடையவற்றோடு வந்து சேர்ந்தன. சோப்பு மட்டும் வந்து சேரவில்லை. ஊசி போட்டதில் உடம்பெல்லாம் அரிப்பு, அதற்கு மருந்து வாசனை அடிக்கும் அந்தச் சிவப்பு சோப்புதான் நல்லது என்றாள் அம்மா. அது குளியலறையில் தனியாக ஒரு கொட்டாங்கச்சியில் இருக்கும். எங்கள் மூன்று பேருக்கும் ஒரே வெள்ளை சோப்பு. அது தேய்ந்து இலை மாதிரி ஆனதும் தூக்கிப் போட மாட்டோம். புது சோப்பை நனைத்து அதன் முதுகில் பழையதை வைத்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். அக்காவின் சோப்பை மட்டும், தேய்ந்ததும் அம்மா எடுத்துக் குளியலறைக்குப் பின்னால் வாழை மரத்தடியில் எறிந்துவிடுவாள்.

கல்யாணம் முடிவானதும் போதகரிடம் சொல்லி ஓலை வாசிக்க ஏற்பாடு செய்தார் அப்பா. எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, இதற்குத் தடை ஏதாவது அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று போதகர் சபை முன்னால் படிப்பார். மூன்று முறை படித்து யாரும் வாயைத் திறக்கவில்லை என்றால் கல்யாணம் நடக்கும்.

இதற்கு நடுவில் ஒருநாள் சலவைக்காரர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஒரு தலையணை உறையை எடுத்துக் காட்டினார்.

"இன்னாம்மா இது, இந்தக் கறை போவ மாட்டேங்குதே. ரெண்டு வாட்டி வெள்ளாவில வெச்சிட்டேன், அப்பிடியே கீது."

பீட்ரூட் என்றாள் அம்மா. தலையணைக்குப் பீட்ரூட் எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை. சபையில் பாதி வீட்டுக்கு அவர்தான் துணி எடுப்பவர். அவர் போனதும் அம்மா குடையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள். நாவல்பழ நிறத்தில் கெட்டியான பாப்ளின் துணியோடு திரும்பி வந்தாள். அக்காவுக்கு ஒரு க்வில்ட் தைக்க வேண்டும் என்றாள். மேலே ஒரு துணி, அடியில் ஒரு துணி, நடுவில் பஞ்சு பரப்பி, மூன்றையும் சேர்த்துக் கோடு கோடாகத் தைக்கும் போர்வை அது. வெள்ளைக்கார அம்மா ஒருவர் முன்பு சபைப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். கல்யாணச் சீரோடு போகட்டும், சாயங்காலம் குளிரெடுத்தால் போர்த்திக்கொள்ளவும் ஆகும் என்றாள் அம்மா. கல்யாணத்துக்கு இவ்வளவு இருட்டாகவா என்று அக்கா கேட்டாள். அழுக்குத் தெரியாது என்றாள் அம்மா. இதை இனிமேல் வீட்டிலேயே துவைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னாள்.

தைப்பது அக்கா. அவள் கையில் தையல் அத்தனை நேராகப் போகும். துணி முழுக்க இரண்டு விரல் அகலத்தில் சாய்கட்டம் போட்டுக் கொடுப்பது என் வேலை. பென்சிலால் போட்டேன், ஒன்றும் தெரியவில்லை. அப்பாவின் டப்பாவிலிருந்து சாக்பீஸ் எடுத்துப் போட்டேன். அழகாகத் தெரிந்தது. அக்கா அதை மடியில் வைத்து நாலு தையல் போடுவதற்குள் தூள் கிளம்பி, இருமல் வந்து, முதுகு வளைந்து சுருண்டுவிட்டாள். வாயைப் பொத்துவதற்குள் துணியில் ஒரு துளி ரத்தம் விழுந்தது. நான் குனிந்து அந்தத் துளியைத் தேடினேன். எங்கே விழுந்தது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. அம்மா ஏன் இந்த நிறத்தை வாங்கினாள் என்று எனக்கு அப்போது புரிந்தது.

உள்ளே புண் ஆறும்போது கொஞ்சம் வரத்தான் செய்யும், டாக்டரே சொன்னார் என்றாள் அம்மா. அக்கா அதை நம்பினாள். நானும் நம்பினேன். அதை நம்பாவிட்டால் வேறொன்றை நம்ப வேண்டியிருக்குமே.

சாக்பீஸ் கூடாது என்றானதும் நான் பெரிய விஞ்ஞானி மாதிரி ஆராய்ச்சியில் இறங்கினேன். அதே துணியில் வெட்டிய துண்டுகளில் ஒவ்வொன்றாகக் கோடு போட்டு, ஒருநாள் வைத்திருந்து, துவைத்துக் காயவைத்துப் பார்த்தேன். கோலமாவு கைபட்டதும் உதிர்ந்தது. மஞ்சள் போகவே இல்லை. வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு துணியின் சாயத்தையே தின்றுவிட்டது. பஜாரில் தையல்காரரிடம் கெஞ்சி வாங்கி வந்த வெள்ளைக் கட்டியில் மெழுகு கலந்திருந்தது போலிருக்கிறது. இஸ்திரிப் பெட்டி பட்டதும் உருகி, எண்ணெய்க் கோடாக இறங்கிவிட்டது. துணி துவைக்கும் பார் சோப்பில் காரம் அதிகம், துவைத்த பிறகும் வெளுத்த தடம் நின்றது. குளிக்கும் சோப்பின் சில்லாக இருந்தால் சரியாக வரும் என்று தோன்றியது. ஆனால் எங்கள் வீட்டு வெள்ளை சோப்பில் சில்லு எப்படி மிஞ்சும்? அதுதான் புது சோப்பின் முதுகில் ஏறிவிடுமே.

வாழை மரத்தடியில் நாலைந்து கிடந்தன. மண்ணைக் கழுவி, வெயிலில் காயவைத்து, பிளேடால் விளிம்பைச் சீவினேன். சிவப்பு சோப்புதான், ஆனாலும் கோடு வெளுப்பாகத்தான் விழுந்தது. தூள் இல்லை. தண்ணீரில் போட்டு எடுத்தால் இருந்த சுவடே இல்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்று அக்காவிடம் பீற்றிக்கொண்டேன். எங்கே கிடைத்தது என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்கு அது சோப்பு, அவ்வளவுதான்.

முதல் ஞாயிறு ஓலை வாசித்தார்கள். அக்கா புதுப் புடவை கட்டிக்கொண்டு, வாயில் ஏலக்காய் அடக்கிக்கொண்டு, ஆராதனை முடியும்வரை இருமாமல் உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் ஞாயிறும் வாசித்தார்கள். அதற்குள் போர்வையில் பாதிக்கு மேல் தைத்துவிட்டிருந்தாள். கட்டங்களைப் பார்த்தால் மெஷினில் தைத்ததோ என்று சந்தேகம் வரும். செங்கல்பட்டு வீட்டில் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கும், கட்டிலை எங்கே போடுவது என்றெல்லாம் தைத்துக்கொண்டே பேசுவாள். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை. மிச்சமிருந்த பாகத்தைத் தரையில் விரித்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் அக்கா தைத்துக்கொண்டிருந்தாள். ஸ்கேலை நகர்த்த இரண்டு கையும் வேண்டியிருந்ததால், தையல்காரர்கள் குண்டூசியை வைத்துக்கொள்வதுபோல் சோப்புச் சில்லை உதட்டில் கவ்விக்கொண்டேன். அது என் வழக்கமாகிவிட்டிருந்தது. அம்மா காபியோடு உள்ளே வந்தாள். என் வாயில் சிவப்பாக என்னவோ இருப்பதைப் பார்த்தாள்.

காபி எங்கே விழுந்தது என்று தெரியாது. கன்னத்தில் அறை விழுந்தது. வாய்க்குள் விரலை விட்டு நோண்டி எடுத்தாள். "எங்கடி எடுத்த இத?" என்றாள். வாழை மரத்தடியில் என்றேன். தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய், பொட்டாசியம் பர்மாங்கனேட் கலந்த ஊதாத் தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளிக்க வைத்தாள். நாக்கை வழித்தாள். மறுபடி ஊற்றினாள். நான் திமிறினேன். அப்போதுதான் அவள் வாயிலிருந்து வந்தது.

"ஒருத்தியத் தூக்கிக் குடுக்கப் போறது பத்தாதா? உன்னையும் குடுக்கணுமா?"

கொல்லைக்கும் அந்த அறைக்கும் நடுவில் இருந்தது ஒரு ஜன்னல். அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றிருந்தாள். அம்மா அவளைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு டாக்டர் என்னம்மா சொன்னார்?" என்று கேட்டாள் அக்கா.

அம்மா ஈரக் கையோடு உள்ளே போனாள். இன்னும் கிருமி இருக்கிறது, மருந்து சரியாகப் பிடிக்கவில்லை, ஆஸ்பத்திரியிலேயே சேர்த்துவிடுங்கள், கல்யாணப் பேச்சே இப்போது கூடாது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அப்பாவுக்கும் அது தெரியும். அந்த ஸ்தோத்திரத்தைத் தெரிந்துதான் சொல்லியிருக்கிறார். அக்காவின் தட்டைத் தினமும் எங்களுக்குத் தெரியாமல் அம்மா வெந்நீரில் கொதிக்கவைத்திருக்கிறாள். இந்த இடத்தை விட்டால் இன்னொரு இடம் வராது, போன இடத்தில் மாத்திரை சாப்பிட்டுக்கொள்ளட்டும், கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்பது அவர்கள் இரண்டு பேரும் போட்ட கணக்கு. அம்மா அழுதுகொண்டே அதையெல்லாம் அக்காவிடம் சொன்னாள். இன்னும் ஒரே ஒரு ஓலைதான் என்று காலைத் தொடப் போனாள். அக்கா காலை இழுத்துக்கொண்டாள்.

"எனக்குப் பொறக்கிற புள்ளைக்கும் தனி சோப்பாம்மா?"

அக்கா முகம் கழுவிக்கொண்டு, என்னைக் கூட்டிக்கொண்டு சைக்கிள் ரிக்‌ஷாவில் போதகர் வீட்டுக்குப் போனாள். தடை ஏதாவது அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று படித்தீர்களே ஐயா, நான் தெரிவிக்க வந்திருக்கிறேன் என்றாள். அவர் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கதவருகிலேயே, வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மறுநாள் போதகர் வேறொரு ஜோடியின் ஓலையை மட்டும் வாசித்தார். முன் வரிசையில் நாலைந்து தலைகள் எங்கள் பக்கம் திரும்பின. அம்மா பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

செங்கல்பட்டு மாப்பிள்ளையிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. உங்களுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன் என்று எழுதியிருந்தார். ஜெபிப்பதற்குத் தபால்தலை எதற்கு என்று நான் கேட்டேன். அக்கா அதைக் கேட்டுச் சிரித்தாள். அந்த வாரத்திலேயே ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாள், போர்வையையும் எடுத்துக்கொண்டு போனாள்.

சோப்பால் அந்த நோய் பரவாது என்று பிறகு எனக்கு ஒரு டாக்டர் சொன்னார். நான் கவ்வியிருந்த சில்லில் பயப்பட ஒன்றுமே இல்லை. நான் அதை வாயில் வைக்காமல் இருந்திருந்தால் மூன்றாம் ஓலையும் வாசித்திருப்பார்கள், அவள் மாலையும் கழுத்துமாக நின்றிருப்பாள். எது நடந்திருந்தால் அவளுக்கு நல்லது என்று அறுபது வயதுக்கு மேலும் எனக்குத் தீர்மானமாகத் தெரியவில்லை. அம்மாவின் மேல் எனக்குக் கோபம் இருந்தது. அப்பாவின் மேல் அதைவிட அதிகமாக இருந்தது.

ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து நான் அவளைப் பார்க்கப் போவேன். டிக்கெட் கவுண்டரில் அந்த ஸ்டேஷன் பெயரைக் கொஞ்சம் உரக்கவே சொல்லி டிக்கெட் வாங்குவேன். யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. வராந்தாவில் அவள் ஒரு பெஞ்சிலும் நான் எதிர்ப் பெஞ்சிலுமாக உட்கார்ந்து பேசுவோம். போர்வையில் கோடு போடாத மூலை ஒன்று பாக்கி இருந்தது. அடுத்த தடவை வரும்போது சோப்பு கொண்டு வா என்றாள்.

"உன் சோப்புலேர்ந்து எடுத்துட்டு வா. என்னுது வேணாம்."

எங்கள் புது வெள்ளை சோப்பிலிருந்து ஒரு ஓரத்தைக் கத்தியால் வெட்டி எடுத்துக்கொண்டு போனேன். தேய்ந்து மெலியாத சோப்பு, அதனால் கோடு தடியாக விழுந்தது. ஜி.எஸ்.டி. ரோடு மாதிரி இருக்கிறதே, இதில் லாரிதான் ஓட்டலாம் என்று கேலி செய்தாள். அந்த ரோட்டில் ஆறு தையல் போட்டாள். அதற்கு மேல் ஊசியைத் துணிக்குள் தள்ள விரலில் பலம் இல்லை.

ஒரு வருடமும் சில மாதங்களும் அங்கே இருந்தாள். மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை போனாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் அப்பா அவளுடைய மூட்டையை வாங்கி வந்தார். இரண்டு புடவை, வேதாகமம், சீப்பு, கொட்டாங்கச்சியில் ஒரு சிவப்புச் சோப்புச் சில்லு, போர்வை. வீட்டுக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாவற்றையும் கொளுத்திவிடச் சொன்னார்கள். அம்மா மூட்டையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். அக்காவின் துணியை அதுவரை குச்சியால் எடுத்து வெந்நீரில் போடுகிறவள், போர்வையை வெறுங்கையால் பிரித்து, கல்லில் போட்டு, மடியிலும் மார்பிலும் தண்ணீர் வழிய வழியத் துவைத்தாள். தைக்காத மூலையில் இருந்த என் தடித்த கோடுகள் ஒரே அலசலில் போய்விட்டன. கொடியில் போட்டபோது அக்கா போட்ட ஆறு தையல் மட்டும் பாதியில் நின்றது.

மறுநாள் காலை குளிக்கப் போனேன். கொட்டாங்கச்சி காலியாக இருந்தது. சுவர்ப் பிறையில் எங்கள் வெள்ளை சோப்பு இருந்தது. அதன் முதுகில், விரல் அழுத்திய தடத்தோடு, சிவப்புச் சில்லு ஒட்டியிருந்தது. எனக்கு முன்னால் அம்மாவும் அப்பாவும் குளித்திருந்தார்கள், அது நனைந்திருந்தது. நானும் அதைத் தேய்த்துக் குளித்தேன்.